பழைய ஜீப் பிக்கப்பில் ஸ்பிரிங் பட்டை மாட்டும்போது: எது இறுகினால் எங்கே பார்ப்பது

மகிந்திராவின் பழைய சிஜே-3பி ஜீப்பில் பின்பக்கத்தை வெட்டிவிட்டுச் சரக்குப் பெட்டி கட்டிய வண்டிகள்தான் என் கைக்கு அதிகம் வந்தவை. மலைத்தோட்டங்களுக்கு உரமூட்டை ஏற்றி ஓய்ந்துபோனவை. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் எப்படியோ ஆள் கிடைத்துவிடும். பெயிண்ட் காய்ந்து, புதுப் பட்டை, புது புஷ், புது போல்ட் எல்லாம் சாக்குமேல் அடுக்கிவைத்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்காருவோம். மாலை வரை ஒரே ஒரு போல்ட் நுழையாது. கடைசியில் யாராவது சம்மட்டியை எடுப்பார்கள். அந்த இடத்துக்குப் போகாமல் இருக்கத்தான் இது.

இந்த ஜீப்பில் பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே தொங்கும். பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைத்து முன்பின்னாக ஆடவிடும் இணைப்புதான் ஷேக்கிள்: முன் பட்டைக்கு அது முன்னால், பின் பட்டைக்குப் பின்னால். மறு முனைகளில் நேரடியாக பிராக்கெட்டில் ஒரு பிவட் போல்ட். பட்டை முனையில் சுருட்டிய வளையம்தான் கண்; அதற்குள் போகும் குழாய் போன்ற உறைதான் புஷ். வண்டியைத் தூக்கியதும் சேஸிஸுக்கு ஸ்டாண்ட் அல்லது நல்ல மரக்கட்டை கொடுங்கள்; ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்க வேண்டாம். ஆக்ஸிலுக்குத் தனியாக ஒரு ஜாக்கி வேண்டும். பாதி வேலை அந்த ஜாக்கியை ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) ஏற்றி இறக்குவதில்தான் முடியும். பிரேக் ஹோஸில் ஆக்ஸில் தொங்கக்கூடாது.

அறிகுறி 1: பிவட் போல்ட் துளைவாயிலேயே நின்றுவிடுகிறது

முதலில் பட்டையைக் கீழே இறக்கிவிடுங்கள். போல்ட்டைக் காலி பிராக்கெட்டில் கையால் மட்டும் நுழைத்துப் பாருங்கள். அதில் தெரிவதை வைத்து மூன்று வழி.

*காலி பிராக்கெட்டிலேயே நுழையவில்லை*

பத்தில் ஏழு தடவை பெயிண்ட்தான். பவுடர் கோட்டிங் அடித்த சேஸிஸ் என்றால் சந்தேகமே வேண்டாம். துளையின் சுவரில் 0.1 மில்லிமீட்டர் படிந்தாலும் விட்டத்தில் 0.2 குறைந்துபோகும். உருண்டை அரத்தாலோ எமரித் தாளைக் குச்சியில் சுற்றியோ துளைக்குள் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தால் போதும். டிரில் பிட் போட்டுப் பெரிதாக்காதீர்கள். துளை ஒரு முறை தளர்ந்துவிட்டால் வெல்டிங் வைத்துத் திரும்பத் துளைக்கிற செலவு.

பெயிண்ட் இல்லையென்றால் போல்ட்டின் அளவு. இந்த வண்டி அங்குலக் கணக்கில் பிறந்தது. கடையில் கிடைப்பதோ மில்லிமீட்டர். மூன்றரை நூல் போல்ட் 11.1 மில்லிமீட்டர். அதன் இடத்துக்கு 12 கொடுத்தால் நுழையாது. நான்கு நூல் போல்ட் 12.7. அதற்கு 12 கொடுத்தால் அழகாக நுழைந்துவிடும், அதுதான் ஆபத்து: உள்ளே 0.7 மில்லிமீட்டர் ஆட்டம், ஆறு மாதத்தில் பிராக்கெட் துளை முட்டை வடிவமாகிவிடும். வெர்னியர் காலிபர் இல்லாதவர்கள் பழைய போல்ட் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள்.

*பிராக்கெட்டில் நுழைகிறது, பட்டைக் கண்ணில் இருக்கும் புஷ்ஷில் நுழையவில்லை*

வெண்கல புஷ் என்றால் இது இயல்பு. வெளியே நன்றாக இருந்த புஷ், கண்ணுக்குள் அழுத்தியதும் நசுங்கி உள்விட்டம் குறைந்துபோகும். போல்ட்டுக்கு ஏற்ப, துளையை நுணுக்கமாகச் சீவும் ரீமர் போட வேண்டும். லேத் பட்டறையில் பத்து நிமிட வேலை. பட்டையையும் போல்ட்டையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். ரப்பர் புஷ் என்றால் உள்ஸ்லீவின் வாயைப் பாருங்கள். சுத்தியல் நேராகப் பட்டு உதடு உள்ளே மடங்கியிருக்கும். உருண்டை அரத்தால் அந்த உதட்டை மட்டும் எடுங்கள்.

*தனித்தனியாக நுழைகிறது, சேர்த்தால் நுழையவில்லை*

துளைகள் நேரில் இல்லை. பழைய போல்ட் ஒன்றின் முனையைக் கிரைண்டரில் காரட் மாதிரி சரித்து வைத்துக்கொள்ளுங்கள். என் கருவிப் பெட்டியிலேயே அதிகம் உழைக்கும் சாமான் அதுதான். அதை எதிர்ப்பக்கத்திலிருந்து நுழைத்து, நெம்பி, கண்ணை நேருக்குக் கொண்டுவந்து, புது போல்ட்டால் அதை வெளியே தள்ளிக்கொண்டே வர வேண்டும். முன்பின்னாக இழுக்க, லாரியில் சரக்குக் கட்டும் ராட்செட் பெல்ட் போதும். மேல்கீழாக என்றால் ஆக்ஸில் ஜாக்கி.

கண்ணே பிராக்கெட்டின் இரு காதுகளுக்கு இடையில் நுழையவில்லை என்றால், காதுகள் உள்பக்கம் வளைந்திருக்கின்றன. பட்டை இல்லாமல் யாரோ போல்ட்டை முன்பு இறுக்கிவைத்திருப்பார்கள். பட்டையின் அகலம் ஒன்றேமுக்கால் அங்குலம். அதற்குக் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி வருமளவு, காதுகளுக்கு நடுவே ஒரு நீளப் போல்ட்டும் இரண்டு நட்டும் வைத்து நட்டுகளை வெளிப்பக்கம் ஓடவிட்டு மெதுவாக விரியுங்கள். ஒரு காது மட்டும் சாய்ந்திருந்தாலோ, ரிவெட் ஓரத்தில் கோடுபோல் விரிசல் தெரிந்தாலோ நிறுத்திவிடுங்கள். அது சேஸிஸ் வேலை. வெல்டரிடம்தான் போக வேண்டும்.

அறிகுறி 2: புஷ், பட்டைக் கண்ணுக்குள் ஏறவில்லை

பழைய புஷ்ஷின் வெளி ஸ்லீவ் உள்ளேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள். ரப்பர் பிய்ந்து வந்துவிடும், மெல்லிய தகடு மட்டும் கண்ணோடு துருவில் ஒட்டிக்கிடக்கும், பார்த்தால் கண்ணின் சுவர் மாதிரியே இருக்கும். ஹேக்ஸா பிளேடைக் கழற்றிக் கண்ணுக்குள் விட்டுத் திரும்ப மாட்டி, அந்தத் தகட்டில் நீளவாக்கில் ஒரு கீறல் போடுங்கள். கண்ணைத் தொடுவதற்கு முன் நிறுத்த வேண்டும். பட்டையில் விழும் சின்னக் கீறலிலிருந்துதான் பின்னால் விரிசல் ஓடும். பிறகு மெல்லிய உளியால் தகட்டின் ஓரத்தை உள்ளே மடித்தால் சுருண்டு வந்துவிடும். ரப்பரைக் கொளுத்தி எடுக்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. எனக்குப் பிடிக்காது. புகை ஒரு பக்கம், பட்டையின் டெம்பர் (எஃகின் விறைப்பு) கெடுவது இன்னொரு பக்கம்.

கண் காலியாக, துருவில்லாமல் இருந்தும் ஏறவில்லை என்றால், மலிவான வழியிலிருந்து வாருங்கள். புஷ்ஷை இரவு ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் பட்டையின் கண்ணைக் கொதிக்கும் வெந்நீரில் ஐந்து நிமிடம் முக்கி, துடைத்துவிட்டு உடனே மாட்டுங்கள். வெந்நீர் 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் பட்டைக்கு ஒன்றும் ஆகாது. கேஸ் டார்ச்சைக் காட்டிக் கண் நீலம் பாய்ந்துவிட்டால் அந்தப் பட்டையை நான் மாட்டமாட்டேன்.

அழுத்துவதற்குச் சுத்தியல் வேண்டாம். நான்கு நூல் மரைக்கம்பி ஒன்று, இரண்டு நட்டு, தடித்த வாஷர்கள், புஷ் உள்ளே போக இடம் கொடுக்கும் ஒரு துண்டுக் குழாய். கம்பியைக் கண்ணுக்குள் விட்டு ஒரு பக்கம் புஷ், மறுபக்கம் குழாய் வைத்து நட்டைத் திருகினால் புஷ் நேராக ஏறும். முதல் ஒரு நூல் ஏறியதும் நிறுத்தி, சாய்ந்திருக்கிறதா என்று சுற்றிலும் பாருங்கள். ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் தடவலாம். கிரீஸோ டீசலோ தடவினால் ரப்பர் ஊறிப் போகும்.

இதற்கும் மசியவில்லை என்றால் ஹைட்ராலிக் பிரஸ் உள்ள பட்டறை. பிரஸ்ஸிலும் ஒரேயடியாக விழுந்துவிட்டால் கண் விரிந்திருக்கிறது என்று பொருள். கண் உள்ள மெயின் பட்டையை மாற்றுவதுதான் வழி.

அறிகுறி 3: ஷேக்கிளின் மரை புஷ் பாதி ஏறி இறுகிக்கொள்கிறது

உங்கள் வண்டியில் எந்த ஷேக்கிள் என்று பாருங்கள். பழைய வண்டிகளில் ‘யூ’ வடிவக் கம்பி, இரண்டு கால்களிலும் மரை. அந்த மரைமேல் ஒரு எஃகு புஷ் திருகி ஏறும். மேல்கால் சேஸிஸ் பிராக்கெட்டில், கீழ்க்கால் பட்டைக் கண்ணில். பின்னால் வந்தவற்றிலும், வழியில் யாரோ மாற்றியவற்றிலும் இரண்டு தட்டு, இரண்டு போல்ட், ரப்பர் புஷ். தட்டு வகை என்றால் அறிகுறி 1-ம் 5-ம் போதும்.

மரை வகையில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். முதல் வண்டியில் எட்டு புஷ்ஷையும் நீளக் குழாய் போட்டு மூச்சுப்பிடித்து இறுக்கினேன். நட்டு என்றால் இறுக்குவதுதானே. மூன்றாவது வாரம், முந்நூறு கிலோ சுமையோடு ஒரு கொண்டை ஊசி வளைவில் ‘டணார்’ என்று சத்தம். முன் இடது மெயின் பட்டை, கண்ணுக்கு இரண்டு விரல் தள்ளி, பிஸ்கட்டை உடைத்த மாதிரி. ஷேக்கிள் ஆடினால்தான் பட்டை நீள முடியும். அதை நான் பூட்டிவைத்திருந்தேன். இந்த ஒரு இடத்தில் இறுக்கம் என்பது வேலை முடிந்ததற்கு அடையாளம் அல்ல.

*ஒரு சுற்றுகூட ஏறவில்லை*

இடது மரையா என்று பாருங்கள். எட்டு புஷ்ஷில் ஆறு வலது மரை, இரண்டு இடது மரை. இடது மரை உள்ள ஷேக்கிள் இரண்டே இடத்தில்: முன் இடது, பின் வலது. அந்த இரண்டிலும் இடது மரைக்கால் கீழே, பட்டைக் கண்ணில் வர வேண்டும். ஷேக்கிளின் கீழ்க்காலில் சின்னதாக ஒரு முடிச்சு புடைத்திருக்கும். புஷ்ஷின் ஆறுமூலைத் தலையைச் சுற்றி ஒரு பள்ளக்கோடு இருக்கும். பெயிண்ட் அடித்தால் இரண்டும் மறைந்துபோகும், கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தேடுங்கள். அடையாளமே இல்லாத சாமான் கிடைத்தால், ஷேக்கிளை வெளியே வைத்துக் கையால் புஷ்ஷைத் திருகி ஜோடி சேர்த்து, சாக்பீஸால் எழுதிவிட்டுப் பிறகு வண்டிக்கு அடியில் போங்கள்.

*இரண்டு மூன்று சுற்று ஏறிக் கல்லாகிறது*

மரை குறுக்கே கடித்திருக்கிறது. இன்னும் ஒரு சுற்று திருகிப் பார்க்கலாம் என்று தோன்றும். வேண்டாம். வெளியே எடுத்து, மரையில் பளபளவென்று நசுங்கிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மண், பெயிண்ட், பழைய கிரீஸ் கட்டி என்றால் மண்ணெண்ணெயில் பல்துலக்கும் பிரஷ் போட்டால் போகும். சேஸிஸ் பக்க மரை லேசாக அடிபட்டிருந்தால், பழைய புஷ் ஒன்றின் வெளி மரையில் கிரைண்டரால் மூன்று வெட்டுப் போட்டு, அதையே மரை வெட்டும் டேப் கருவி மாதிரி ஓட்டி சுத்தம் செய்யலாம். மரை பாதி போயிருந்தால் லேத்தும் வெல்டிங்கும்தான்.

*பாதிவரை சுலபம், அப்புறம் இறுகுகிறது*

இது ஏற்றும் வரிசையின் கோளாறு, இதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். ரப்பர் சீலையும் அதன் தகட்டையும் ஷேக்கிள் காலில் முதலில் மாட்ட வேண்டும். பலர் மறந்துவிட்டுத் திரும்பக் கழற்றுவார்கள். பிறகு ஷேக்கிளைச் சேஸிஸோடு ஒட்டப் பிடித்துக்கொண்டு மேல் புஷ்ஷைப் பாதிவரை ஏற்றுங்கள். அடுத்து ஷேக்கிளைப் பட்டைக் கண்ணோடு ஒட்டப் பிடித்துக் கீழ் புஷ் பாதிவரை. அதற்குப்பின் மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று என்று மாற்றி மாற்றி. ஒன்றை முழுதாக ஏற்றிவிட்டு மற்றதைத் தொட்டால் ஷேக்கிள் ஒரு பக்கமாக இழுபட்டு நிச்சயம் கடிக்கும்.

நிறுத்த வேண்டிய இடம்: மேல் புஷ்ஷின் தலை பிராக்கெட்டில் போய் ஒட்டி உட்காரலாம். கீழ் புஷ்ஷின் தலைக்கும் பட்டைக் கண்ணுக்கும் நடுவில் கால் நூல், அதாவது 0.8 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். நான் ஹேக்ஸா பிளேடைச் செருகிப் பார்ப்பேன். கொஞ்சம் தளர்வாகப் போய்வந்தால் சரி. கிரீஸ் கன்னால் நிப்பிளில் அடித்து, மறுபக்கம் கிரீஸ் பிதுங்கியபின், ஆக்ஸிலை ஜாக்கியில் ஏற்றி இறக்கி ஷேக்கிள் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடாவிட்டால் இரண்டு புஷ்ஷையும் முழுதாகக் கழற்றி முதலிலிருந்து. எரிச்சலாகத்தான் இருக்கும். நான் ஒரே ஷேக்கிளை நான்கு தடவை கழற்றியிருக்கிறேன்.

*புஷ் எல்லாம் சரி, ஆனால் ஷேக்கிள் பட்டைக் கண்ணை எட்டவில்லை*

புதிதாக வளைவு ஏற்றிய பட்டை இப்படித்தான் செய்யும். வளைவு கூடினால் கண்ணுக்குக் கண் நீளம் குறையும். பிவட் முனையை முதலில் மாட்டி, பட்டையின் நடுவில் ஜாக்கி கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள். பட்டை படிந்து நீளும். வண்டி ஸ்டாண்டைவிட்டு எழும்ப ஆரம்பித்தும் எட்டவில்லை என்றால் பட்டை அடித்தவர் வளைவை அதிகமாக ஏற்றிவிட்டார். திருப்பிக் கொண்டுபோங்கள்.

அறிகுறி 4: யூ போல்ட்டின் நட்டு மரையைப் பிடிக்கவே நீளம் போதவில்லை, அல்லது நடுவில் நின்றுவிடுகிறது

ஆக்ஸிலையும் பட்டைக்கட்டையும் சேர்த்துப் பிடிப்பது யூ போல்ட். நீளம் போதவில்லை என்றால் கடைக்கு ஓடாதீர்கள். ஆக்ஸிலின் அடியில் பட்டை உட்காரும் மேடையில் ஒரு துளை இருக்கும். பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் தலை மேலே பார்த்தபடி அந்தத் துளைக்குள் இறங்க வேண்டும். இறங்காமல் ஓரத்தில் ஏறி நின்றால், தலையின் உயரம் அளவுக்கு எல்லாம் குட்டையாகத் தெரியும். அப்படியே இறுக்கிவிட்டால் ஆக்ஸில் கோணலாக உட்கார்ந்து, வண்டி நண்டு மாதிரி ஓடும். விரலை விட்டுத் தடவி, துளையில் மண்ணோ பெயிண்டோ இருந்தால் சுரண்டி எடுங்கள். சென்டர் போல்ட்டை மாற்ற வேண்டியிருந்தால் பட்டைக்கட்டை இரண்டு பக்கமும் சி-கிளாம்பால் கட்டிவிட்டுத்தான் நட்டைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் பட்டைகள் விரிந்து கையைப் பதம் பார்க்கும்.

நட்டு நடுவில் நிற்கிறது என்றால் பழைய யூ போல்ட். இறுக்கி இறுக்கி மரை நீண்டிருக்கும். நட்டை மேலே ஓட்டினால் ஒரு இடத்தில் மட்டும் கனக்கும். மரையைத் திரும்ப வெட்டும் டை போட்டுக் காப்பாற்றலாம் என்பார்கள். யூ போல்ட் விஷயத்தில் நான் அதைக் கேட்பதில்லை, புதிதுதான் வாங்குவேன். சாதாரணக் கம்பியைக் கொல்லுப் பட்டறையில் வளைத்ததும் வேண்டாம்; இரண்டு மாதத்தில் நீண்டுகொள்ளும்.

இறுக்கும் அளவு 50 முதல் 55 அடி-பவுண்டு. டார்க் ரெஞ்ச் நியூட்டன் மீட்டர் காட்டினால் 68 முதல் 75. கருவியே இல்லையென்றால், ஒரு அடி நீளக் கைப்பிடியின் நுனியில் அரை மூட்டை சிமெண்ட்டைத் தொங்கவிட்ட பாரம். அதற்குமேல் போனால் பட்டை உருமாறும். குறுக்கு மூலைகளாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும்; புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து நட்டு தளர்ந்திருக்கும்.

அறிகுறி 5: எல்லாம் மாட்டியாயிற்று, வண்டி மாட்டுவண்டி மாதிரி குதிக்கிறது

முதலில் செலவில்லாதது. ரப்பர் புஷ் உள்ள வண்டியில், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது பிவட் போல்ட்டையும் ஷேக்கிள் போல்ட்டையும் இறுக்கினீர்களா? அப்படியானால் ரப்பர் தொங்கிய நிலையிலேயே பிடிபட்டு, வண்டி இறங்கியதும் முறுக்கிக்கொண்டு நிற்கும். எல்லா நட்டையும் தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி, பம்பரில் ஏறி நான்கு தடவை குதித்துவிட்டு, நின்ற நிலையிலேயே இறுக்குங்கள். பாதி வண்டிகள் இதிலேயே சரியாகிவிடும்.

சரியாகாவிட்டால், மரை ஷேக்கிளில் அந்தக் கால் நூல் இடைவெளி. அதுவும் சரியென்றால் நாடாவை எடுங்கள். முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். சிஜே-3பி-க்கு 80 அங்குலம். சேஸிஸை நீட்டிய பிக்கப் என்றால் எண் மாறும், ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு நூலுக்குமேல் வித்தியாசம் வந்தால் சென்டர் போல்ட்டைத் திரும்பப் பாருங்கள். அது துளைக்குள் உட்கார்ந்தும் வித்தியாசம் இருந்தால் சேஸிஸ் வளைந்திருக்கிறது. அலைன்மென்ட் பார்க்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள், ஸ்பேனரால் ஆகிற காரியம் அல்ல.

எதையும் கேஸ் வைத்து வெட்டவோ வெல்டிங் வைக்கவோ ஆள் வந்தால், அவர் பற்றவைக்கும் முன் சீட்டைத் தூக்கிக் காட்டுங்கள். இந்த ஜீப்பில் டேங்க் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. லாரிச் சேஸிஸிலேயே வேலை பார்த்த வெல்டருக்கு அது நினைவுக்கு வராது. டேங்கைக் கழற்றி வெளியே வைக்காமல் என் கொட்டகையில் நெருப்புப் பற்றவிடுவதில்லை.